தேசப்படத்தில் நகரும் புள்ளிகள்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தேசப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் மதுரை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. நேற்றும் அது அங்கேதான் இருந்தது. நாளையும் அங்கேதான் இருக்கும். ஊர் நகர்வதில்லை, ஆகையால் புள்ளியும் நகர்வதில்லை. அந்தப் புள்ளியை யார் வைத்தார், எப்பொழுது வைத்தார் என்று நாம் கேட்பதும் இல்லை.

இன்று நான் சொல்லப்போவது வேறு வகையான தேசப்படம். அது கணிப்பொறித் திரையில் விரிவது. அதன்மேல் சிறு சிறு சித்திரங்கள் தோன்றுகின்றன: ஒரு கார், ஒரு வீடு, ஒரு படகு, ஒரு பலூன், ஓடுகின்ற ஒரு மனிதன். சில நகர்கின்றன, சில மங்குகின்றன, சில மறைந்தே போகின்றன. இவற்றை அங்கே கொண்டுவந்து வைப்பவை அமெச்சூர் வானொலிக்காரர்களின் சிறிய டிரான்ஸ்மிட்டர்கள். ‘ஹாம்’ என்று அழைக்கப்படும் இவர்கள், அரசாங்கத்தின் உரிமம் பெற்று, ஊதியம் கருதாமல், வானொலிக் கலையைப் பழகுகிறவர்கள். அவர்கள் கையாளும் இந்த முறைக்கு ஏ.பி.ஆர்.எஸ். என்று பெயர். பெயரை விரித்துப் பொருள் கொண்டால், செய்தியைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் தானே அறிவிக்கும் முறை என்று ஆகும்.

இந்தத் திரையை முதன்முதலில் காணும் ஒருவரிடம், ‘இதோ இருக்கும் கார்ச் சித்திரம் எதைக் காட்டுகிறது?’ என்று கேட்டால், ‘கார் அங்கே இருக்கிறது என்பதைக் காட்டுகிறது’ என்றுதான் விடை சொல்வார். உண்மையில் அந்தச் சித்திரம் சொல்வது அதைவிடக் குறைவு. ‘இன்ன அழைப்புக் குறி உடையவர், தாம் இன்ன இடத்தில் இருப்பதாக அறிவித்தது, இத்தனை நேரத்துக்கு முன், இன்ன வழியாகக் காதில் விழுந்தது’ என்பதே அது சொல்வது. யார், எங்கே, எப்பொழுது, எவ்வழி என்ற நான்கையும் சேர்த்துப் படிக்கக் கற்றவருக்கே இந்தத் தேசப்படம் பயன்படும். எங்கே என்பதை மட்டும் படிக்கிறவரை இது சில சமயம் ஏமாற்றிவிடும்.

இம்முறையைத் தோற்றுவித்தவர் பாப் புரூனிங்கா என்ற அமெரிக்கர். மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் கரையில், அன்னாபொலிஸ் என்ற நகரம் இருக்கிறது. அங்கே அமெரிக்கக் கடற்படையின் கல்லூரி ஒன்று உண்டு. அக்கல்லூரியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். 1982-ஆம் ஆண்டில், கடற்படையின் இருப்பிட அறிவிப்புகளைப் படத்தில் குறிப்பதற்கு, ஆப்பிள் கணிப்பொறி ஒன்றில் அவர் எழுதிய நிரலே இதன் மூதாதை. 1984-இல், 100 மைல் தூரம் நடைபெறும் குதிரைப் பந்தயம் ஒன்றில் குதிரைகளின் இருப்பிடத்தையும் நிலையையும் அறிவிப்பதற்காக, வீட்டுக் கணிப்பொறியாகிய விக்-20-இல் அதனை விரிவாக்கினார். குதிரைகளின் மேல் ஜி.பி.எஸ். கருவி கட்டும் காலம் அன்று. மனிதர் கண்டு அறிவிப்பதையே நம்பவேண்டிய காலம். 1990-களின் தொடக்கத்தில்தான் இதற்கு ஏ.பி.ஆர்.எஸ். என்ற பெயர் வழங்கத் தொடங்கியது.

அப்பெயரில் உள்ள இரண்டாம் எழுத்து முதலில் ‘இருப்பிடம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் குறித்தது. பின்னர் புரூனிங்கா அதைப் ‘பாக்கெட்’ என்று மாற்றிக்கொண்டார். காரைத் துரத்தும் பொறி என்று மக்கள் தம் படைப்பை எண்ணிவிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் இந்த நேரத்தில் என்னென்ன நடக்கின்றன என்பதை, அங்கே இருக்கும் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளும் பொதுப் பலகையாக அது இருக்கவேண்டும் என்று 2022-ஆம் ஆண்டில் காலமாகும் வரையில் அவர் வற்புறுத்தி வந்தார்.

இனி, ஒரு பொட்டலம் எவ்வாறு புறப்படுகிறது என்று பார்ப்போம். ஒரு காரில் ஜி.பி.எஸ். கருவி ஒன்று இருக்கிறது. அது வானிலுள்ள செயற்கைக் கோள்களைக் கேட்டுத் தன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணக்கிடுகிறது. மோடம் என்ற கருவி அந்த எண்களை ஒலிகளாக மாற்றுகிறது. விநாடிக்கு 1200 அதிர்வுகள் உள்ள ஓர் ஒலி, 2200 அதிர்வுகள் உள்ள மற்றோர் ஒலி. இவை இரண்டே அதன் அரிச்சுவடி. விநாடிக்கு 1200 பிட் என்ற வேகத்தில் இவை மாறி மாறி ஒலிப்பதைக் காதால் கேட்டால், ஓலைப்பாயை யாரோ கிழிப்பதுபோல் ஒரு ‘கர்ர்’ சத்தம்தான் கேட்கும். ஏறத்தாழ ஒரு விநாடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. வட அமெரிக்காவில் இதற்கென்று அமைந்த அலைவரிசை 144.390 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800. அந்தந்தப் பகுதியில் உள்ள எல்லோரும் அந்த ஒரே அலைவரிசையில்தான் பேசவேண்டும். அதில்தான் கேட்கவும் வேண்டும்.

முன்பெல்லாம் தபால் நிலையத்தில் ஒப்புகை கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினால், பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்ட சீட்டு நமக்குத் திரும்பி வரும். அந்நாளில் ஊரில் தண்டோரா போட்டவனோ எவரிடமும் ஒப்புகை கேட்டதில்லை. கேட்டவர் கேட்டார்; கேளாதவர் அடுத்த முறை கேட்டுக்கொள்வார் என்று அவன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். இருப்பிடத்தை அறிவிக்கும் பொட்டலம் தண்டோராவைச் சேர்ந்தது. அது போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. ஒப்புகைக்குக் காத்திராததனால்தான் ஒரே அலைவரிசையில் பல நிலையங்கள் இடம்பெற முடிகிறது. ஆயினும் சில பொட்டலங்கள் யார் காதிலும் விழாமலே அழிந்துபோகும் என்பதையும் இதனோடு ஏற்றுக்கொள்ளவேண்டியிருக்கிறது.

பொட்டலத்தின் உள்ளே முதலில் இருப்பது அழைப்புக் குறி. அதை அடுத்து ஒரு சிறு எண் வரலாம். காருக்கு 9, கையடக்க வானொலிக்கு 7, பலூனுக்கு 11 என்பது வழக்கம். இது சட்டமன்று; ஊர் வழக்கு. இவ்வெண்ணின் உதவியால் ஒரே மனிதரின் வீடும் காரும் படத்தில் தனித்தனியே நிற்கின்றன.

அடுத்தது இருப்பிடம். 38 டிகிரி 58.70 நிமிடம் வடக்கு, 76 டிகிரி 29.53 நிமிடம் மேற்கு என்று வைத்துக்கொள்வோம். அன்னாபொலிஸ் நகரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இங்கே நிமிடம் என்பது கடிகார நிமிடம் அன்று. டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆகவே அதில் நூறில் ஒரு பங்கு சுமார் 18 மீட்டர். சாதாரணப் பொட்டலத்தால் இதைவிட நுட்பமாக இடத்தைச் சொல்ல முடியாது. தெருவின் இந்தப் பக்கம் நிற்கும் கார் படத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்குள் நிற்பதுபோல் தோன்றினால், ஓட்டுநரைக் குறை கூறவேண்டாம். அன்றியும், தம் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்ல விரும்பாதவர் கடைசி இலக்கங்களை வெற்றிடமாக விட்டு அனுப்பலாம். நூறில் ஒரு பங்கைக் குறிக்கும் இலக்கத்தை விட்டால் ஐயம் சுமார் 185 மீட்டராகும். பத்தில் ஒரு பங்கையும் விட்டால் அது சுமார் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். நல்ல மென்பொருள் இதைத் தெரிவிக்கும். சில மென்பொருள்கள் ஐயமே இல்லாததுபோல் ஒரு கூரிய புள்ளியை வைத்துவிடும்.

சித்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். கார், வீடு, படகு என்ற சித்திரங்களைத் தேசப்படம் தானே கண்டுபிடிப்பதில்லை. அனுப்புகிறவர் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து, அதன் குறியைப் பொட்டலத்தில் சேர்த்து அனுப்புகிறார். வீட்டிலிருந்த கருவியைக் காருக்கு மாற்றியவர் குறியை மாற்ற மறந்தால், நெடுஞ்சாலையில் ஒரு வீடு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதிசயத்தைக் காணலாம்.

இதுவரை கூறியவை எளியவை. மிகுந்த கவனம் வேண்டுவது காலம்தான். இருப்பிடப் பொட்டலங்கள் பலவற்றில் நேரமே எழுதப்படுவதில்லை. திரையில் ‘12 நிமிடங்களுக்கு முன்’ என்று காண்பது, கேட்ட நிலையம் தன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்ட நேரம். தேதி எழுதாத கடிதத்தைத் தபால் முத்திரையைக்கொண்டு நாம் கணிப்பதில்லையா? அதுபோன்றது இது. கடிதம் வழியில் தங்கிவிட்டிருந்தால் முத்திரை நம்மை ஏமாற்றும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போகிறது. அதன் கடைசிப் பொட்டலம் மூன்று நிமிடங்களுக்கு முன் வந்தது என்றால், கார் இப்பொழுது சித்திரத்துக்கு மூன்று கிலோமீட்டர் அப்பால் இருக்கக்கூடும். இதைச் சரிக்கட்ட மென்பொருள்களில் ஒரு வழி உண்டு. பொட்டலத்தில் வேகமும் திசையும் இருந்தால், அதைக்கொண்டு கார் இந்நேரம் எங்கே போயிருக்கும் என்று கணக்கிட்டுச் சித்திரத்தை முன்னே நகர்த்திக்கொண்டே போகிறது. நடுக்கடலில் நிலம் காணாத மாலுமி, கப்பலின் வேகத்தையும் திசையையும் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணித்த பழைய முறையே இது. கடற்படைக் கல்லூரியைச் சேர்ந்தவர் ஆக்கிய திட்டத்தில் இது இருப்பது வியப்பன்று. ஆனால் கடலில் வளைவுகள் குறைவு. சாலையிலோ வளைவுகள் மிகுதி. சாலை வலப்புறம் திரும்பிய பிறகும் சித்திரம் நேரே வயல்களுக்குள் போய்க்கொண்டிருக்கும். அடுத்த பொட்டலம் வந்ததும் துள்ளி வந்து சாலையில் ஏறும். எது கேட்டது, எது கணித்தது என்று பிரித்தறிய வேண்டும்.

பழைய செய்தி என்பதைக் காட்டச் சித்திரத்தை மங்கச் செய்யும் வழக்கமும் உண்டு. எத்தனை நிமிடத்தில் மங்கவேண்டும், எப்பொழுது மறையவேண்டும் என்பதைப் பயன்படுத்துகிறவரே அமைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் அருகருகே அமர்ந்து பார்க்கும் இரு திரைகளில் ஒன்றில் கார் இருப்பதும் மற்றொன்றில் இல்லாததும் இதனால் நேர்வதுண்டு.

புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கும் இதே விதிதான். கோலம் போடுகிறவர் முதலில் புள்ளி வைத்துப் பிறகு இழையை இழுக்கிறார். இழை எப்படி வளைய வேண்டும் என்பது அவர் மனத்தில் இருக்கிறது. கணிப்பொறிக்கு அப்படி ஒன்றும் தெரியாது. இரண்டு புள்ளிகளுக்கிடையே நேர்கோடு போடுகிறது. அன்னாபொலிஸ் நகரத்தை ஒட்டி ஓடும் செவெர்ன் ஆற்றின் தென்கரையில் ஒரு முறையும் வடகரையில் மறுமுறையும் கேட்கப்பட்ட காரின் தடம், பாலமே இல்லாத இடத்தில் ஆற்றைக் கடந்திருப்பதாகப் படத்தில் தெரியலாம். கார் பாலத்தின்மேல் போனபோது அனுப்பிய பொட்டலம் அழிந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

ஏன் அழிகிறது என்பதை அறிய, பொட்டலம் வரும் வழியைப் பார்க்கவேண்டும். காரில் உள்ள சிறிய டிரான்ஸ்மிட்டர் நெடுந்தூரம் எட்டாது. ஆகவே குன்றின் உச்சியிலோ உயர்ந்த கோபுரத்திலோ ஒரு நிலையம் அமைத்து, அது கேட்டதை உடனே திரும்ப ஒலிக்கும்படி செய்திருக்கிறார்கள். இதற்கு டிஜிபீட்டர் என்று பெயர். டெல்லியில் வாசிக்கும் செய்தியை நம் வானொலி நிலையங்கள் அஞ்சல் செய்வதில்லையா? அதைப் போன்ற அஞ்சல் நிலையம் இது. எத்தனை முறை அஞ்சல் செய்யலாம் என்ற வேண்டுகோளும் பொட்டலத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நிலையமும் அஞ்சல் செய்தவுடன் அந்த எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. பெரும்பாலும் தன் பெயரையும் எழுதிவிடுகிறது. திரையில் சித்திரத்தைச் சுட்டினால் இந்த வழி முழுவதையும் படிக்கலாம். கடைசியாக எந்தக் குன்று இவரைக் கேட்டது என்பது, பல சமயங்களில், அவர் இருப்பிடத்தைப் போலவே மதிப்புள்ள செய்தி.

இப்பொழுது இரண்டு பள்ளத்தாக்குகளில் இரண்டு கார்கள் செல்வதாக எண்ணுங்கள். நடுவே குன்று. ஒரு கார் பேசுவது மற்றதற்குக் கேளாது. ஒவ்வொன்றும், அலைவரிசை அமைதியாக இருக்கிறது என்று நம்பி, ஒரே நொடியில் பேசத் தொடங்குகிறது. குன்றின் மேலுள்ள நிலையத்துக்கோ இரண்டும் ஒருங்கே கேட்கின்றன. ஒருவர் பேச்சும் அதற்கு விளங்குவதில்லை. இரண்டு பொட்டலங்களும் பாழ். கார்கள் தவறு செய்யவில்லை, கருவிகள் பழுதாகவில்லை, ஆயினும் தேசப்படம் இரண்டையும் அந்த நேரத்துக்கு அறியாது.

குன்றுகள் கேட்டதை இன்டர்நெட்டில் சேர்க்கும் வாயில் நிலையங்களும் உண்டு. 1990-களின் பிற்பகுதியிலிருந்து, உலகெங்கும் கேட்கப்படும் பொட்டலங்கள் இவ்வாறு ஒன்றுகூடுகின்றன. பின்லாந்திலிருந்து நடத்தப்படும் ஏ.பி.ஆர்.எஸ். டாட் எஃப்.ஐ. என்ற தளத்தில் எவரும் அவற்றைப் பார்க்கலாம். ஆனால் ஒரு நுட்பம். ஒரே பொட்டலம் ஐந்து வாயில்கள் வழியாக வந்தால், முதலில் வந்ததை வைத்துக்கொண்டு, சிறிது நேரத்துக்குள் வரும் மற்றவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். ஆகவே அங்கே தெரியும் வழி, முந்திக்கொண்ட வழி, ஒரே வழியன்று. ஏதேனும் ஒரு நிலையம் பொட்டலத்தை ஓரிரண்டு நிமிடம் தன்னிடமே வைத்திருந்து பிறகு அனுப்பினால், அது புதிய செய்தியாக ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடும். அப்பொழுது முன்னே போய்க்கொண்டிருந்த கார் திடீரென்று பின்னால் பாய்ந்து, மறுபடி முன்னே பாயும். தடம் தையற்காரர் தையல்போல் முன்னும் பின்னுமாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

வானத்திலும் ஓர் அஞ்சல் நிலையம் வைக்கலாம். அன்னாபொலிஸ் கல்லூரி மாணவர்கள் புரூனிங்காவுடன் சேர்ந்து செய்த பி.சி.சாட் என்ற சிறு செயற்கைக் கோள் 2001-ஆம் ஆண்டு செப்டம்பரில் வானில் ஏறியது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள அமெச்சூர் கருவியும் 145.825 மெகாஹெர்ட்ஸில் இப்பணியைச் செய்து வந்திருக்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் நிலையம் ஒரே சமயத்தில் ஏறத்தாழ 2000 கிலோமீட்டருக்கு அப்பால் வரை கேட்கும். அது தமிழ்நாட்டின்மேல் செல்லும் சில நிமிடங்களில், மும்பையில் உள்ளவரின் புள்ளி சென்னையில் உள்ளவர் திரையில் முளைப்பது இயல்பே.

தாமாகப் பேசாத பொருள்களும் படத்தில் இடம்பெறுகின்றன. சூறாவளியின் மையம், வெள்ளத்தால் அடைபட்ட சாலை, ஓட்டப் பந்தயத்தில் தண்ணீர் வைத்திருக்கும் பந்தல் இவற்றிடம் டிரான்ஸ்மிட்டர் இல்லை. யாரோ ஒருவர் ஒன்பது எழுத்துகளுக்கு மிகாத ஒரு பெயரிட்டு அவற்றைப் படத்தில் வைக்கிறார். பிறகு, சாலை திறந்தவுடன், அவரே அதை நீக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போய்விட்டால், தண்ணீர் வடிந்த சாலை படத்தில் சிறிது நேரம் அடைபட்டே இருக்கும். வைத்தவர் பெயரைப் படிக்காமல் இத்தகைய குறியை நம்பக்கூடாது. வானிலைப் பொட்டலங்களில் வெப்பம் ஃபாரன்ஹீட் கணக்கில் வருகிறது. 77 என்று கண்டு அஞ்சவேண்டாம், அது 25 செல்சியஸ்தான்.

சில நிலையங்களைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். அதன் பிறப்பு சுவையானது. நிலையம் தன் வலிமையை நான்கு இலக்கங்களில் சொல்கிறது. 5132 என்று வைத்துக்கொள்வோம். முதல் இலக்கத்தை அதனாலேயே பெருக்கினால் வாட்: ஐயைந்து இருபத்தைந்து. இரண்டாவது உயரம்: பத்து அடியை ஒரு முறை இரட்டித்தால் 20 அடி. மூன்றாவது, ஆன்டெனாவின் பெருக்கம் 3 டெசிபெல். நான்காவது திசை: 45 டிகிரியை இரண்டு மடங்காக்கினால் கிழக்கு. நான்கே இலக்கங்களில் இவ்வளவு செய்தியை அடக்கியவரின் சிக்கனத்தை மெச்சவேண்டும். ஆனால் இவற்றிலிருந்து வரையும் வட்டம் வெறும் கணக்கு. நடுவே நிற்கும் குன்றை அது அறியாது. வட்டத்துக்குள் இருப்பவர் எல்லோரும் கேட்கப்படுவார் என்று எண்ணுவது பிழை.

இன்னுமொரு வேடிக்கை. ஆப்பிரிக்காவின் மேற்கே, கினி வளைகுடாவில், பூமத்தியரேகையும் கிரீனிச் ரேகையும் வெட்டும் இடத்தில் சில சமயம் கார்கள் மிதக்கும். இருப்பிடம் இன்னும் கிடைக்காத கருவி, சும்மா இராமல், இரண்டு சுழியங்களை அனுப்பிவிட்டது என்பது பொருள்.

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு நுணுகிப் பார்க்கவேண்டும்? மலைப்பாதையில் நெடுந்தூரக் குதிரைப் பந்தயம் ஒன்று நடப்பதாகக் கொள்வோம். குதிரையேறிகள் சிலரிடம் சிறிய ஏ.பி.ஆர்.எஸ். கருவிகள் உள்ளன. மேசை முன் அமர்ந்து திரையைப் பார்ப்பவருக்கு, ஒரு பெண்ணின் புள்ளி இருபது நிமிடங்களாக ஒரே இடத்தில் நிற்பது தெரிகிறது. குதிரை இடறி வீழ்ந்ததோ? யாரை எங்கே அனுப்புவது?

முதலில், அந்தப் புள்ளி புதிய பொட்டலங்களால் நிற்கிறதா, பொட்டலமே வராததால் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். புதிய பொட்டலங்கள் ஒரே இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால், கருவி அங்கேயே இருக்கிறது. நேரே அங்கு போகலாம். பொட்டலமே வரவில்லை என்றால், அவர் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தவர் என்ற கணக்கில், இந்நேரம் பாதையில் நான்கு கிலோமீட்டர் முன்னே, ஏதேனும் ஒரு சரிவின் மறைவில் நலமாகப் போய்க்கொண்டிருக்கலாம். கடைசிப் பொட்டலத்தை எந்தக் குன்று கேட்டது, பாதை அதன் பார்வையிலிருந்து எங்கே விலகுகிறது என்பவற்றைப் பார்த்தால் இது ஓரளவு தெளியும்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல கருவிகள், நகரும்போது ஓரிரு நிமிடத்துக்கு ஒரு முறையும், நின்றுவிட்டால் அலைவரிசையை வீணாக்காமல் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு முறையும் பேசும்படி அமைக்கப்படுகின்றன. ஆகவே வீழ்ந்து கிடப்பவரின் கருவியும் பேசாமல் இருக்கும். மலை மறைவில் செல்பவரின் கருவியும் கேளாமல் இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. இதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் பந்தயத்துக்கு முதல் நாளே கருவிகளை வாங்கிப் பார்த்து, நின்றாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பேசும்படி திருத்திவைக்கிறார்கள். பந்தயத்தன்று ஒரு புள்ளி மௌனமானால், கையிலிருக்கும் மைக்கை எடுத்து, அவர் கடக்கவேண்டிய அடுத்த சாவடியில் உள்ள ஹாமை அழைத்து, ‘அந்தக் குதிரை வந்துவிட்டதா?’ என்று வாய்ப்பேச்சாகக் கேட்கிறார்கள். ‘வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது’ என்று விடை வந்தால், புள்ளியைச் சாவடிக்கு நகர்த்திவைத்துவிட்டு அடுத்த புள்ளியைப் பார்க்கிறார்கள். ‘இன்னும் வரவில்லை’ என்றால், கடைசியாகக் கேட்ட இடத்திலிருந்து ஒருவரும் சாவடியிலிருந்து ஒருவருமாக, பாதையின் இரு முனைகளிலிருந்தும் தேடிக்கொண்டு புறப்படுகிறார்கள்.